நாலெழுத்தும் ஒரு மெர்சியும்

இந்தக் கல்லுக் கதையை எனக்கு முதல் முதல் சொன்னது என்ர மகள் றொஷினி, தம்பி. போன வருசம் ஒக்ரோபர் மாசம், ரோமில, நிலத்துக்குக் கீழ நிண்டுகொண்டு. சொல்லுறன், சொல்லுறன். நீங்கள் முதல்ல அந்தச் சுத்தியலைக் கீழ வையுங்கோ. ஓம், வாளிக்குள்ளயே வையுங்கோ. கையில அதோட நிண்டியள் எண்டால் எனக்குக் கதை வராது.

இல்லைத் தம்பி, இந்தச் சுவருக்கு முன்னால இருந்து கதிரையை அரக்கமாட்டன். கோவிக்காதேங்கோ. நான் சண்டைக்கு வந்த ஆளில்லை, பதினாலு வருசமா இந்தக் கோயிலில பீடத்துக்குப் பூ வைச்ச ஆள். என்ர பேர் அக்னெஸ். உங்கட? பிரணவன். வடிவான பேர். லொங்குய்யோ வீடு? அப்ப காலமையில பாலம் கடந்து வாறதெண்டால் பெரிய கரைச்சல்தான். கையில நூல் கட்டியிருக்கிறியள், சைவம் என்ன? நல்லது. நேர்த்தி எண்டால் என்னெண்டு உங்களுக்கு நான் விளங்கப்படுத்தத் தேவையில்லை.

இப்ப நேரம் என்ன? ஒம்பதேகாலோ. என்ர மகன் டனிஸ்ரன் பதினொரு மணிக்கு வாறான், புரோசார்டில இருந்து. இந்தச் சுவரில எங்கட கல்லும் ஒண்டு இருக்கு. அதைக் கழட்டிக்கொண்டு போய்த் தன்ர புது வீட்டு ஹோலில பதிக்கப்போறானாம். அது நடக்கக்கூடாது. நீங்கள் மற்றக் கல்லுகளை உடைக்கவும் கூடாது. இந்த ரெண்டுக்கும்தான் நான் இதில இருக்கிறன். சுத்தி வளைச்சுக் கதைக்க எனக்குத் தெரியாது, எட்டாம் வகுப்போட நிண்டனான்.

இஞ்ச வந்து பாருங்கோ, உங்கட கம்பிச் சட்டத்துக்குப் பின்னால. நூற்றி நாப்பத்தொரு கல்லு. ஒவ்வொண்டும் ஒரு கொப்பி மட்டையளவு மாபிள். எல்லாத்திலயும் பிரெஞ்சில மெர்சி, நன்றி எண்டு வெட்டியிருக்கு. மெர்சி அந்தோனியார், மெர்சி மாதாவே, கேட்டது கிடைச்சுது மெர்சி. ஆயிரத்துத் தொளாயிரத்து இருபத்தேழாம் வருசத்துக் கல்லும் இருக்கு. பேர் போட்டது கொஞ்சம். மிச்சத்தில மதாம் ஜே. பி., மதாம் ஏ. எல். எண்டு ரெண்டே ரெண்டு எழுத்து. சிலதில அதுவும் இல்லை.

பங்குக் கோயிலைப் பூட்டி வித்துப்போட்டினம், சரி. சனம் வராத கோயிலை எத்தினை காலத்துக்குச் சூடாக்கிறது. கார்தெரி, சின்னப் பிள்ளையளைப் பாக்கிற இடம், வருதாம், நல்லது, பிள்ளையள் ஓடித்திரியட்டும், அதுக்கு நான் குறுக்க நிக்கேல்லை. ஆனா அந்தக் கதவில ஒட்டின கடுதாசியை வாசிச்சனீங்களே? பேருள்ள கல்லெண்டால் குடும்பம் வந்து வெள்ளிக்கிழமைக்குள்ள எடுக்கலாமாம். பேரில்லாதது குப்பைக் கொன்ரெய்னருக்குள்ள போகுமாம். நேற்று வெள்ளி. எத்தினை குடும்பம் வந்தது தெரியுமோ? நாலு. அவை எடுத்தது போக மிச்சம்தான் இந்த நூற்றி நாப்பத்தொண்டு. அப்ப மற்றவையள் என்ன, நேர்த்தி வைக்காமலோ கல்லு வைச்சவை?

நான் இதைப்பற்றிப் போன கிழமை கூட்டத்தில எழும்பிக் கேட்டனான். எழும்பினதே பெரிசு. எங்கட தமிழ்ப் பங்குச் சபைக்குத் தலைவர் எமிலியானுஸ் அண்ணை. நல்ல மனிசன்தான், ஆனா மைக்கைக் கண்டால் விடமாட்டார். அவர் எல்லாற்ற முன்னாலயும் என்ன சொல்லுறார், அக்னெஸ், ரோமுக்குப் போனால் சனம் பாப்பரசரைப் பாத்திட்டு வரும், நீ புறச்சமயத்தான்ர கல்லைப் பாத்திட்டு வந்து எங்களுக்குப் பிரசங்கம் வைக்கிறாய் எண்டு. சிரிச்சினம், எல்லாரும் சிரிச்சினம். நான் சொன்னன், ஓம் அண்ணை, புறச்சமயத்தான்தான், ஆனா சொன்ன நேர்த்தியைச் செலுத்தினவன், நீங்கள் வேளாங்கண்ணிக்குப் போறன் எண்டு ரெண்டாயிரத்துப் பதினாலில சொன்னியள், இன்னும் போகேல்லை எண்டு. பேந்து ஒருத்தரும் சிரிக்கேல்லை. அவற்ற மனிசி மட்டும் சிரிச்சவ.

நில்லுங்கோ, இந்த ரோல்ஸைச் சாப்பிடுங்கோ. மாட்டிறைச்சி இல்லை, மரக்கறிதான். தேத்தண்ணியும் கிடக்கு. வேலை ஓடாது தம்பி. நான் இருக்கிற வரைக்கும் உங்களால அடிக்க ஏலாது, அப்ப சாப்பிட்டால் என்ன.

ரோமுக்கு முப்பத்தெட்டுப் பேர் போனனாங்கள், யூபிலி வருசமெண்டு. றொஷினியும் எனக்குத் துணைக்கு வந்தவள். அவள் பழைய கல்லெழுத்து வாசிக்கிற படிப்புப் படிச்சவள். எங்கட ஆக்கள் ஆரும் பிள்ளையை அந்தப் படிப்புக்கு விடுவினமோ? அண்ணன்காரன் இப்பவும் பகிடி பண்ணுவான், தங்கச்சி செத்த ஆக்களுக்கு வந்த கடுதாசியைப் பிரிச்சு வாசிக்கிறாள் எண்டு. மூண்டாம் நாள், மற்றவை எல்லாரும் கடைக்குப் போக, அவள் சொன்னாள், அம்மா வாங்கோ, உங்களுக்கு ஒரு கோயிலுக்குக் கீழ இருக்கிற கோயிலுக்குக் கீழ இருக்கிற கோயிலைக் காட்டுறன் எண்டு. நான் இவள் என்ன விசர்க் கதை கதைக்கிறாள் எண்டு நினைச்சன்.

உண்மைதான் தம்பி. மேல பூசை நடக்கிற கோயில். படியால இறங்க இன்னொரு பழங்கோயில், அதுவும் எங்கட சமயம்தான். அதுக்கும் கீழ இறங்க, குகை மாதிரி ஒரு அறை. குளிர். எங்கயோ தண்ணி ஓடுற சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கு. ரெண்டு பக்கமும் நீளத்துக்குக் கல்லு வாங்கு, சாஞ்சிருந்து சாப்பிடுறதுக்காம். நடுவில ஒரு கல்லுப் பீடம். அது மித்ராஸ் எண்டொரு தெய்வத்தின்ர இடம். ஆயிரத்தெண்ணூறு வருசத்துக்கு முந்தி, பட்டாளக்காரர், துறைமுகத்தில தீர்வை வாங்கிற ஆக்கள், அடிமையள், அடிமையா இருந்து விடுபட்ட ஆக்கள், எல்லாரும் கும்பிட்ட தெய்வமாம். தோக்காத தெய்வம் எண்டு கல்லில போட்டிருக்கு. எனக்கு அந்தப் பேர் பிடிச்சுது. பாவமோ தெரியாது, பிடிச்சுது.

அந்தப் பீடத்தில செதுக்கியிருக்கிறதைக் கேளுங்கோ. ஒரு இளந்தாரி, தலையில மடிஞ்ச தொப்பி. ஒரு எருதை விழுத்தி, முதுகில முழங்காலை ஊண்டி, மூக்கைப் பிடிச்சு நிமித்திக் கழுத்தில கத்தியை இறக்கிறார். நாயும் பாம்பும் ரத்தத்துக்குப் பாயுதுகள். தேளொண்டு கடிக்குது, எங்க கடிக்குதெண்டு நான் சொல்லமாட்டன், நீங்கள் ஆம்பிளைப்பிள்ளை, உங்களுக்கு நோகும். சில கல்லில எருதின்ர வால் நுனியில கோதுமைக் கதிர் முளைக்குது. பக்கத்தில ரெண்டு பேர் பந்தத்தோட நிக்கினம், ஒருத்தன் மேல பிடிக்கிறான், மற்றவன் கீழ பிடிக்கிறான். றொஷினி போனில இன்னும் எத்தினையோ நாட்டுக் கல்லுகளைக் காட்டினாள். எல்லாத்திலயும் இதே படம்தான், எங்கட வீடுகளில மாதா படம் மாதிரி.

ஒண்டு கவனிச்சன். வெட்டுறவர் எருதைப் பாக்கேல்லை. கத்தி ஒரு பக்கம், முகம் மற்றப் பக்கம். ஏனடி பிள்ளை எண்டு கேட்டன். அவள் சிரிச்சாள். அம்மா, இதுக்குத்தான் படிச்ச ஆக்கள் நூறு வருசமாச் சண்டை பிடிக்கினம். சூரியனைப் பாக்கிறார் எண்டு ஒருத்தர், இரக்கத்தில பாக்கிறாரில்லை எண்டு இன்னொருத்தர், இல்லையில்லை இது முழுக்க நட்சத்திரக் கணக்கு எண்டு வேற ஆள். ஏன் அவ்வளவு சண்டை எண்டால், அந்த ஆக்கள் தங்கட சமயத்தைப் பற்றி ஒரு புத்தகமும் விட்டுப்போகேல்லை. வெளியில கதைக்கமாட்டம் எண்டு சத்தியம் பண்ணின கூட்டம். வாயைத் திறக்கவேயில்லை. கல்லு மட்டும்தான் மிஞ்சினது. கல்லைப் பாத்து ஆளாளுக்கு ஒரு கதை கட்டுகினம்.

பொறுங்கோ, நேர்த்திக்கு வாறன். அதுதானே முக்கியம்.

இங்கிலாந்தில, வடக்குப் பக்கம், பழைய மதில் ஒண்டுக்குக் கிட்ட ஒரு முகாம் இருந்ததாம். அங்க ஒரு பட்டாளப் பெரியவன் வைச்ச கல்லுப் பீடத்தின்ர படம் காட்டினாள். அதில மித்ராஸின்ர தலையைச் சுத்திக் கதிர் செதுக்கி, கதிரை ஓட்டையா வெட்டியிருக்கு. பின்னால விளக்கு வைச்சால் வெளிச்சம் கதிர் வழியா முன்னுக்கு வரும். எவ்வளவு மூளை பாருங்கோ. கீழ எழுத்து. சாமியின்ர பேர், தன்ர பேர், தன்ர உத்தியோகம், கடைசியில நாலே நாலு எழுத்து. வி, எஸ், எல், எம். இது என்னடி கார் நம்பரோ எண்டு கேட்டன். இல்லையம்மா, அந்தக் காலத்தில எல்லாருக்கும் தெரிஞ்ச சுருக்கெழுத்து, எல்லாச் சாமிக்கும் இப்பிடித்தான் போடுவினம் எண்டாள். நேர்த்தியைச் செலுத்தினன், விருப்பத்தோட, அவருக்கு அது தகும். அவ்வளவுதான் அர்த்தம்.

 நான் கேட்டன், என்னத்துக்கு நேர்த்தி வைச்சவனாம்? நோயோ, சண்டையோ, பிள்ளையோ? அதை எழுதேல்லை அம்மா, அனேகமா எழுதமாட்டினம் எண்டாள். அப்ப ஆருக்குத் தெரியும் எண்டன். வைச்சவனுக்கும் சாமிக்கும் எண்டாள்.

நான் அந்தக் கல்லு வாங்கில இருந்திட்டன். இருக்கக்கூடாதாம், காவல்காரி ஓடிவந்து பேசினாள். முழங்கால் நோ எண்டு றொஷினி சமாளிச்சாள். நோகேல்லை. என்ர மனசுக்குள்ள இந்தச் சுவர்தான் நிண்டது. இந்த மதாம் ஜே. பி. நிண்டா. இவவும் என்னத்துக்கெண்டு எழுதேல்லை. அவவுக்கும் அந்தோனியாருக்கும் தெரியும்.

இன்னொரு புதினம் கேளுங்கோ. அந்த மித்ராஸ் ஆக்களின்ர பேர்ப் பட்டியல்கள் கல்லிலயும் வெண்கலத்திலயும் கிடைச்சிருக்காம். அடிமையின்ர பேர் இருக்கு, பெரிய அதிகாரியின்ர பேர் இருக்கு. பொம்பிளைப் பேர் தேடிப் பாக்கச் சொன்னன். இல்லையாம். பொம்பிளையளைச் சேர்க்கேல்லையாம். அப்ப நான் அந்த அறைக்குள்ள நிண்டு, சத்தமாய், தமிழில, ஒரு பரலோக மந்திரம் சொன்னன். றொஷினிக்கு வெக்கமாப் போச்சு. அம்மா, ஏன் எண்டாள். அவையள் உள்ள விடாட்டில் என்ன, நான் வந்திட்டன், வந்த இடத்தில செபிக்காமல் போறதோ எண்டன்.

ஆனா தம்பி, வெக்கப்படவேண்டிய விசயம் வேறை. மேல ஏறி வந்து கோப்பி குடிக்கேக்க அவள் இன்னொரு படம் காட்டினாள். அதே ரோமில வேறொரு கோயிலுக்குக் கீழ, இவையின்ர சுவரில வடிவான நிறத்தில ஆக்கள் வரிசையாய்ப் போற மாதிரிக் கீறியிருக்கு. முகம் முகமாப் பாத்துக் கோடாலியால கொத்தியிருக்கினம். ஆரடி கொத்தினது எண்டன். அவள் கோப்பியைப் பாத்துக்கொண்டு சொன்னாள், எங்கட ஆக்கள்தான் அம்மா எண்டு. கிறிஸ்தவ ஆக்கள்.  சிலுவை போட்ட கையாலதானே ஆரோ ஒருத்தன் அதைச் செய்திருப்பான். அவனுக்கும் கடவுளுக்குச் செய்யிற வேலை எண்டுதான் நினைப்பு இருந்திருக்கும்.

உங்களை நான் அவனோட சேர்க்கேல்லை, தம்பி. உங்களுக்கு இது வேலை. சின்ன வயசுப் பிள்ளையள் இருக்கும், வீட்டுக் கடன் இருக்கும். நான் சொல்லுறது வேறை. மிஞ்சினது எது எண்டு நான் அவளைக் கேட்டனான். கண்ணுக்குத் தெரிய நிண்டது கனக்க உடைஞ்சுபோச்சு, மண் போட்டு மூடி மேல கோயில் கட்டினாங்களே, அதுக்குள்ள அகப்பட்டதுதான் நல்லாய்க் கிடக்கு எண்டாள். விளங்குதே? மூடினவன் காப்பாற்றிப்போட்டான். அவனுக்கே தெரியாமல்.

இப்ப உங்கட வேலைக்கு வாறன். நீங்கள் சுத்தியல் தூக்கினது ஏன்? கம்பிச் சட்டம் அடிச்ச பொடியள் வியாழக்கிழமை வந்து, கல்லைக் கழட்டமுதலே சட்டத்தை நிறுத்திப்போட்டாங்கள். இப்ப அந்தக் கம்பியளுக்கு இடையால உங்கட ட்ரில் போகாது. ஒரு கல்லுக்கு நாலு ஸ்க்ரூ. கையால கழட்டினால் ரெண்டு நாள். அதுதான் ஓங்கி ரெண்டு தட்டுத் தட்டி அள்ளிக்கொட்டுவம் எண்டு நினைச்சியள். ஓமோ இல்லையோ? சிரிக்கிறியள். நான் சபனல் தெருத் தையல் பக்டரியில பதினாறு வருசம் நிண்டனான் தம்பி, வேலையைச் சுருக்கிற ஆக்களை எனக்குத் தெரியும்.

இந்தாங்கோ, இது என்ர தையல் ரேப். நேற்று வந்து அளந்து பாத்தன். சட்டத்துக்கும் சுவருக்கும் நடுவில ஆறு இஞ்சி. கல்லின்ர தடிப்பு முக்கால் இஞ்சி. நீங்கள் குளிர் தடுக்கச் சுவருக்குள்ள வைக்கப்போற கம்பளி நாலு இஞ்சி எண்டு அந்தக் கட்டில போட்டிருக்கு. வைச்சுப் பாருங்கோ கணக்கை. ஒண்டேகால் இஞ்சி மிச்சம். கல்லு தன்ர பாட்டில கிடக்கும், கம்பளி தன்ர பாட்டில கிடக்கும், மேல நீங்கள் ஜிப்ரொக் பலகையை அடிச்சு வெள்ளை பூசினால் கார்தெரிக்காரருக்கு நல்ல சுவர். சமயச் சாமான் ஒண்டும் கண்ணுக்குத் தெரியக்கூடாது எண்டுதானே அவையின்ர கடுதாசி? தெரியாது. உடை எண்டு எங்க எழுதியிருக்கு? எனக்குப் பிரெஞ்சு அரைகுறைதான், ஆனா அந்தச் சொல்லை நான் தேடினனான், இல்லை.

நீங்களா முடிவெடுக்க ஏலாதெண்டால் உங்கட பெரியவருக்குப் போன் அடியுங்கோ. ஓம், இப்பவே. சனிக்கிழமை எண்டால் என்ன, எடுப்பார். வேலை ரெண்டு நாள் குறையுது எண்டதை முதல்ல சொல்லுங்கோ. இவ்வளவு மாபிளையும் கொன்ரெய்னருக்குக் காவத் தேவையில்லை எண்டதை ரெண்டாவதாச் சொல்லுங்கோ. கடைசியா, ஒரு கிழவி கதிரையைப் போட்டுக்கொண்டு இருக்கிறா, பொலிசைக் கூப்பிட்டால் அவ பொலிசுக்கும் ரோல்ஸ் குடுப்பா எண்டு சொல்லுங்கோ. நான் அதுக்குள்ள ஒரு அருள்நிறை மரியே சொல்லுறன்.

என்னவாம்?

பின்னால என்ன கிடந்தால் எனக்கென்ன, சுவர் நேரா வந்தால் காணும் எண்டோ? பாத்தியளே! நல்ல மனிசன். பேர் என்ன? உருத்திரமூர்த்தியோ. அவருக்கும் நான் ஒரு மெழுகுதிரி கொழுத்துறன். ஓமோம், எனக்கு அழுகை வருது, பரவாயில்லை, வரட்டும். நூற்றி நாப்பத்தொரு ஆக்கள் தம்பி. இந்தாங்கோ, கதிரை. எடுத்து அங்கால வையுங்கோ. எனக்கு நிக்க ஏலும்.

என்ன, எங்கட கல்லோ? அந்தா, கடைசி வரிசை, ஓரத்தில, மற்றதுகளை விடப் புதுசா வெள்ளையா நிக்குது. குனிஞ்சு பாருங்கோ. ஓம், பேரில்லை. மெர்சி. கீழ திகதி, ஒம்பது பெப்ரவரி ரெண்டாயிரத்துப் பதினொண்டு. அவ்வளவும்தான் வெட்டச் சொன்னனான்.

அது என்ர மனிசன் பிலேந்திரன் மோசம்போன நாள்.

ஐயோ, நீங்கள் ஏன் தொப்பியைக் கழட்டுறியள், போடுங்கோ, குளிரும். எல்லாரும் இப்பிடித்தான். இந்தக் கல்லைப் பாத்த உடன எங்கட சனத்துக்கு அது நினைவுக்கல்லு. செத்த திகதி போட்டால் வேறை என்னவா இருக்கும்? வருசா வருசம் பெப்ரவரி ஒம்பதாம் திகதி பங்குச் சனம் வந்து இதுக்குக் கீழ திரி கொழுத்தும். எமிலியானுஸ் அண்ணை ஒருக்கா மைக்கில சொன்னவர், பொம்பிளையள் அக்னெஸைப் பாருங்கோ, இப்பிடி ஒரு புருசனைத் தந்ததுக்குக் கடவுளுக்கு நன்றி சொல்லிக் கல்லு வைச்ச மனிசி எண்டு. நான் குனிஞ்சுகொண்டு இருந்தன். நான் ஒருத்தருக்கும் அப்பிடிச் சொல்லேல்லை, தம்பி. அவையளாப் பாத்துக் கட்டின கதை. டனிஸ்ரனும் அதை நம்பித்தான் வளந்தவன். இப்ப தகப்பன்ர படத்தைப் பெரிசாக்கிச் சட்டம் போட்டு வைச்சிருக்கிறான், அதுக்குக் கீழ இந்தக் கல்லு வேணுமாம். அம்மாவின்ர அன்பு எண்டு சொல்லுறான். வெள்ளி முடிஞ்சாலும் பரவாயில்லையெண்டு ஸ்க்ரூட்ரைவர் வாங்கிக்கொண்டு வாறான்.

அந்தாள் பாட்டுக் குழுவில முன்னுக்கு நிண்டு பாடுவார். நல்ல குரல். செத்த வீடெண்டால் முதல் ஆளா நிப்பார். வெளியில தங்கம். மகனுக்கும் நல்ல தகப்பன், பொய் சொல்லக்கூடாது, பனியில கையைப் பிடிச்சு ஸ்கேட்டிங் பழக்கினவர். எனக்கு என்ன செய்வாரெண்டால், நவம்பர் பிறந்தால் என்ர குளிர்ச் சப்பாத்தைத் தன்ர கார் டிக்கிக்குள்ள வைச்சுப் பூட்டிக்கொண்டு வேலைக்குப் போவார். ஏப்ரலிலதான் தருவார். நான் வெளிக்கிடக்கூடாது, ஒருத்தரோடயும் கதைக்கக்கூடாது. பக்டரியும் அதோட விட்டாச்சு. அடிச்ச கதை சொல்லேல்லை, அது எல்லா வீட்டிலயும் ஒரே மாதிரித்தான். சப்பாத்து எனக்கு மட்டும் நடந்தது எண்டு நினைக்கிறன்.

அந்த வருசம் ஜனவரி, ஒரு செவ்வாய்க்கிழமை. அந்தோனியாற்ற நாள். ரெண்டு சோடி சொக்ஸைப் போட்டு, மேல பாண் வாற பிளாஸ்ரிக் பையைக் கட்டி, அதுக்கு மேல வீட்டுச் செருப்பைப் போட்டுக்கொண்டு நடந்து இஞ்ச வந்தன். நாலு புளொக். இந்தா, அந்தோனியார் சுரூபம் நிண்ட இந்த இடத்தில முழங்காலில நிண்டன். சொன்னன், அந்தோனியாரே, எங்கள் ரெண்டு பேரில ஒராளை எடுத்திடும். ஆரை எண்டாலும் எனக்குச் சம்மதம். என்னை மிச்சம் விட்டீரெண்டால் கல்லு வைக்கிறன்.

இருபத்திரண்டாம் நாள், பகல் ரெண்டு மணிபோல ஆசுபத்திரியில இருந்து போன் வந்தது. வேலைத்தலத்தில விழுந்திட்டாராம். நெஞ்சு. நான் போய்ப் பாத்து, செய்யவேண்டிய எல்லாம் செய்தன். காரை ஆரோ கொண்டுவந்து வாசல்ல விட்டாங்கள். ஆக்கள் போன பிறகு டிக்கியைத் திறந்து சப்பாத்தை எடுத்துப் போட்டன். அப்பிடியே மூண்டு தரம் வீட்டைச் சுத்தி நடந்தன். பனி நல்ல உயரம்.

அதுதான் மெர்சி. ஓம் தம்பி, அந்தாள் செத்ததுக்குத்தான். விருப்பத்தோடதான் செலுத்தினன். பாவசங்கீர்த்தனத்தில கேட்ட சுவாமியார், அம்மா, சமாதானமாப் போங்கோ எண்டார். நான் போயிட்டன். இண்டைக்கு வரைக்கும் சமாதானமாத்தான் இருக்கிறன். இதை நான் திருப்பிக் குடுக்கமாட்டன், ஆருக்கும் மன்னிப்பும் கேக்கமாட்டன்.

மகனுக்கு ஏன் சொல்லேல்லை எண்டு கேக்கிறியள். அவன்ர தகப்பனை நான் ஏன் அவனிட்டை இருந்து பறிக்கவேணும்? அவனுக்கு அவர் செத்தபடியே நல்லா இருக்கட்டும். ஆனா அந்தப் படத்துக்குக் கீழ என்ர கல்லு தொங்க நான் விடமாட்டன். றொஷினி சொல்லுவாள், ஒரு கல்லு எந்த இடத்தில நிண்டதெண்டு தெரியாட்டில் அது பாதிக் கல்லு எண்டு. இதில, அந்தோனியாற்ற காலடியில நிக்கேக்க இது உண்மை சொல்லுது, கேக்க ஆளில்லாட்டிலும். அவன்ர ஹோலில, அந்தச் சிரிச்ச முகத்துக்குக் கீழ நிண்டால் பொய் சொல்லும். ஒவ்வொரு ஞாயிறும் நான் போய் அந்தப் பொய்க்கு முன்னால இருந்து சோறு சாப்பிடவேணும். அவனிட்டை நான் சொல்லப்போறது இதுதான், நேர்த்திக்குக் குடுத்தது எங்கட சொத்தில்லை மகன், அது இருக்கிற இடத்தில இருக்கும் எண்டு. அதில ஒரு சொல்லும் பொய்யில்லை. முகம் சுருங்கும். பேந்து சரிவரும்.

நேரம் என்ன? பத்தேகாலோ. அவன் சொன்ன நேரத்துக்கு முன்னம் வாற ஆள், தகப்பன் மாதிரியே.

தம்பி, உங்களிட்டை ஒண்டே ஒண்டுதான் கேக்கிறன். முதல் பலகையை என்ர கல்லு நிக்கிற இந்த ஓரத்தில இருந்து அடியுங்கோ.